கட்டடக்கலை நுழைவுத்தேர்வுக்குத் தயாராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலைப் படிப்பில் சேர விரும்பும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வரையக் கற்றுத்தருகிறேன். அவர்களும் அவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரைதல் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் மிகவும் பயப்படுவதும் தவறான வழியில் பயிற்சி செய்வதும் அதில்தான்.

தேர்வில் என்னதான் சோதிக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு வடிவம் மாறும். இந்தியாவில் கட்டடக்கலை மன்றம் 2006 முதல் நாட்டா (NATA) என்ற கட்டடக்கலைத் திறனறித் தேர்வை நடத்துகிறது. ஜேஇஇ மெயின் தேர்வில் கட்டடக்கலைப் படிப்புக்கான 2ஏ தாளில் கணிதம், திறனறிவு, வரைதல் என மூன்று பகுதிகள் உண்டு. இத்தாலியில் வரலாறு, தர்க்கம், இயற்பியல், கணிதம் ஆகியவற்றோடு வரைபடங்களைப் புரிந்துகொள்ளும் திறனையும் கேள்வித்தாளில் சோதிப்பது வழக்கம். பிரிட்டனில் பெரும்பாலான கல்லூரிகள் மாணவரின் படைப்புத் தொகுப்பையும் நேர்காணலையும் பார்த்துச் சேர்த்துக்கொள்கின்றன. நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரி, வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் பயிற்சிகளைக் கொண்ட ஸ்டுடியோ தேர்வுக்குப் பேர்போனது.

வடிவம் எதுவானாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: உங்களைச் சுற்றியுள்ள பொருள்களையும் இடங்களையும் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா, பார்த்ததை மனத்தில் திருப்பிப் பார்க்க முடிகிறதா? அழகாக வரைபவரை அல்ல, கவனித்து வரைபவரைத்தான் தேர்வாளர்கள் தேடுகிறார்கள். கேள்வி எண்ணிக்கை, மதிப்பெண் பங்கீடு, கால அளவு ஆகியவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அவற்றை அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பில் மட்டும் பாருங்கள்.

எனக்கு வரையவே வராது. நான் இந்தத் தேர்வை எழுதலாமா?

எழுதலாம். "வரையவே வராது" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் எந்தக் குறையும் இல்லை. பெயர் எழுதுகிற கைக்கு ஒரு நாற்காலியை வரையப் போதுமான கட்டுப்பாடு உண்டு. சிக்கல் கண்ணில் இருக்கிறது. நாற்காலியைப் பார்க்காமல், நாற்காலி எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமோ அதை வரைந்துவிடுகிறோம். மேசையின் நான்கு கால்களும் ஒரே நீளம் என்பது நமக்குத் தெரியும், அதனால் நான்கையும் ஒரே நீளத்தில் வரைகிறோம். கண்ணுக்கோ பின்கால்கள் குட்டையாகவும் சற்று மேலே தொடங்குபவையாகவும் தெரிகின்றன.

இதை மாற்ற மூன்று பழக்கங்கள் போதும். முதலாவது, அளப்பது. கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியையும் கட்டைவிரலையும் கொண்டு பொருளின் அகலத்தை எடுங்கள். அதே அளவு உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். கை மடங்கினால் அளவு பொய்யாகிவிடும். இரண்டாவது, பொருளை விட்டுவிட்டு அதன் இடைவெளிகளை வரைவது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரியும் தரைத்துண்டு என்ன வடிவம்? அந்த வடிவத்துக்கு மூளையிடம் முன்கூட்டிய படம் எதுவும் இல்லை. அதனால் கண் வேலை செய்தே தீர வேண்டும். மூன்றாவது, அழிக்காமல் இருப்பது. முதல் கோட்டை மிக மெல்லியதாகப் போடுங்கள், தவறென்றால் பக்கத்திலேயே சரியான கோட்டை அழுத்திப் போடுங்கள். தவறான கோடு தாளில் இருந்தால்தான் எவ்வளவு விலகினோம் என்று தெரியும்.

தினமும் அரை மணி நேரம், கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருள். காலணி, குடை, திறந்து வைத்த குழாய், பாதி மூடிய கதவு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்வதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

பெர்ஸ்பெக்டிவ் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

தொலைவில் உள்ளவை சிறுத்துத் தெரிவதைத் தாளில் காட்டும் முறைதான் பெர்ஸ்பெக்டிவ். பின்னோக்கிச் செல்லும் கோடுகள் போய்ச் சேரும் புள்ளியை மறைபுள்ளி என்பார்கள். ஒரு மறைபுள்ளி வரும் ஒரு புள்ளி முறையும், இரண்டு வரும் இரண்டு புள்ளி முறையும் கைப்பழக்கமாக இருந்தால் போதும். மூன்று புள்ளி முறையை அடையாளம் காணத் தெரிந்தால் சரி. ஆனால் முறையை மட்டும் மனப்பாடம் செய்தவர்களின் படங்கள் எல்லாம் ஒன்றுபோல இறுகிக் கிடக்கும். அதனால் இது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் புரூனலெஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஒரு சோதனை செய்து காட்டினார். அங்கிருந்த ஞானஸ்நான ஆலயத்தை ஒரு பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளையிட்டார். பார்ப்பவர் பலகையின் பின்பக்கம் கண்ணை வைத்து, துளை வழியாக, எதிரே பிடித்த கண்ணாடியில் விழும் படத்தைப் பார்க்க வேண்டும். சரியான இடத்தில் நின்று பார்த்தவருக்குப் படமும் கட்டடமும் ஒன்றாகப் பொருந்தின. அந்தத் துளைதான் இங்கே முக்கியம். பெர்ஸ்பெக்டிவ் என்பது ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் ஒரே கண்ணின் பார்வை. ஆகவே முதல் கோடு போடும் முன் "நான் எங்கே நிற்கிறேன், என் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" என்று முடிவு செய்துவிடுங்கள். அந்தக் கண்மட்டம்தான் அடிவானக் கோடு.

இதிலிருந்து உடனே பயன்படும் சில செய்திகள் கிடைக்கின்றன. சமதரையில் நீங்கள் நின்று பார்த்தால், உங்கள் உயரமே உள்ள எல்லோருடைய தலையும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அடிவானக் கோட்டிலேயே விழும். கால்கள் மட்டும்தான் ஏறி இறங்கும். தூரத்து மனிதர்களைத் தாளின் மேலே மேலே பறக்கவிடும் தவறு இதைத் தெரிந்துகொண்டதும் நின்றுவிடும். உட்கார்ந்து பார்த்தால் கண்மட்டம் ஏறக்குறைய 1.2 மீட்டருக்கு இறங்கும், அப்போது நிற்பவர்களின் தலைகள் கோட்டுக்கு மேலே போகும்.

பின்னோக்கிச் செல்லும் ஒரு சுவரின் நடுவைக் கண்டுபிடிக்க, அதன் மூலைவிட்டங்களைப் போடுங்கள். அவை வெட்டும் இடமே நடு, அளவுகோலால் அளந்தால் தவறாக வரும். சம இடைவெளியில் நிற்கும் விளக்குக் கம்பங்களை வரையும்போது, முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவது கம்பத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோட்டை இழுங்கள். அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது கம்பம் நிற்கும். இதே வழியில் நான்காவது, ஐந்தாவது.

வட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு குவளையின் வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பகுதி கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அது சற்று அகன்ற நீள்வட்டமாக இருக்கும். வாயை வளைவாகவும் அடியை நேர்கோடாகவும் வரைவது மிகப் பரவலான தவறு. தேர்வாளரின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இரண்டு மறைபுள்ளிகளையும் தாளுக்குள்ளேயே நெருக்கி வைக்காதீர்கள். கட்டடத்தின் மூலை கத்திமுனைபோலத் துருத்திக்கொண்டு வரும். ஒன்றாவது தாளுக்கு வெளியே போகட்டும்.

"ரயில் நிலையத்தில் காத்திருக்கும் மக்கள்" போன்ற கேள்விகளுக்கு நினைவிலிருந்து எப்படி வரைவது?

நினைவு தானாக வந்து உதவாது, அதைச் சேமித்து வைக்க வேண்டும். ஒரு சிறு குறிப்பேட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள். எங்கேயாவது காத்திருக்க நேர்ந்தால் அந்த இடத்தை ஐந்து நிமிடத்தில் வரையுங்கள். வீட்டுக்கு வந்து, குறிப்பேட்டைத் திறக்காமல், அதே இடத்தை மறுபடி வரைந்து, பிறகு ஒப்பிடுங்கள். எது விட்டுப்போயிற்றோ அதை அடுத்த முறை கண் தானாகத் தேடும்.

கூடவே சில அளவுகளை உடலில் ஏற்றிக்கொள்ளுங்கள். கதவின் உயரம் சுமார் 2.1 மீட்டர். நாற்காலியின் இருக்கை 45 சென்டிமீட்டர், எழுதும் மேசை 75 சென்டிமீட்டர். வீட்டுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 15 முதல் 18, கால் வைக்கும் அகலம் 25 முதல் 30 சென்டிமீட்டர். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த பிளோன்டெல் என்ற கட்டடக்கலைஞர் சொன்ன கணக்கு இன்றும் நிற்கிறது: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு காலடி நீளம், அதாவது 60 முதல் 64 சென்டிமீட்டர் வர வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு, அதாவது ஓர் அடி உயரப் பன்னிரண்டு அடி நீளம், பரவலான விதி. வளர்ந்த மனிதரின் உயரம் அவருடைய தலையைப்போல ஏழரை மடங்கு. சின்னக் குழந்தைக்கு நான்கு, ஐந்து மடங்குதான். குழந்தைக்குப் பெரியவரின் விகிதத்தைக் கொடுத்தால் குள்ளமான பெரியவர்தான் தாளில் வந்து நிற்பார்.

இந்த எண்களைப் படித்தால் மட்டும் போதாது. ஒரு டேப்பை எடுத்து உங்கள் வீட்டை அளந்து பாருங்கள். உங்கள் சாண் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துகொண்டால் எந்த இடத்திலும் அளக்கலாம்.

சில படங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனால் என்ன?

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பூங்கா, கடற்கரை, பஸ் நிறுத்தம் என்று பத்துப் படங்களை அப்படியே வரையப் பழக்கிவிடுகிற பயிற்சி பல இடங்களில் நடக்கிறது. கேள்வி சற்றே மாறினால், "மாடியிலிருந்து பார்க்கும்போது" என்றோ "மழை நின்ற பிறகு" என்றோ ஒரு சொல் சேர்ந்தால், அந்த மாணவர் திகைத்து நின்றுவிடுகிறார். ஒரே பயிற்சி மையத்திலிருந்து வந்த அதே மரமும் அதே பெஞ்சும் அடுத்தடுத்த விடைத்தாள்களில் வந்தால் திருத்துபவருக்குத் தெரியாமலா போகும்? பதினேழு வயதுப் பிள்ளையின் பார்வையை வளர்க்க வேண்டிய மாதங்களை இப்படி வீணாக்குவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

நிழல் எப்படிப் போடுவது?

இரண்டு நிழல்களைப் பிரித்துப் பாருங்கள். ஒளி படாத பக்கத்தில் பொருளின் மேலேயே இருக்கும் இருட்டு ஒன்று. பொருள் தரையிலோ சுவரிலோ வீழ்த்தும் நிழல் மற்றொன்று. வீழ்ந்த நிழல் பொருளைத் தொடும் இடத்தில் கருமையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும், தள்ளிப் போகப் போக இளகும். சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வருகின்றன. ஆகவே ஒரு படத்தில் எல்லா நிழல்களும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். அறைக்குள் ஒரு விளக்கு என்றால் நிழல்கள் அதிலிருந்து விரிந்து செல்லும். ஒளி வரும் திசையை ஒரு சின்ன அம்புக்குறியாகத் தாளின் ஓரத்தில் மெல்லக் குறித்துவிட்டுத் தொடங்குங்கள், கடைசியில் அழித்துவிடலாம்.

விரலால் தேய்த்து நிழலைப் பரப்பாதீர்கள். படம் அழுக்காகும்.

வண்ணத்துக்கு என்ன பயிற்சி?

கண்களைச் சற்றே சுருக்கிப் பாருங்கள். நிறங்கள் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அந்த வெளிச்ச வேறுபாடு சரியாக இருந்தால் எந்த நிறக்கலவையும் தாங்கும், அது இல்லையென்றால் பன்னிரண்டு நிறங்களைப் பூசினாலும் படம் தட்டையாகத்தான் இருக்கும். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என்ற எதிர்நிறங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதிர்நிறங்களைச் சம பங்கில் வைத்தால் இரண்டும் சண்டையிடும். ஒன்று பரவலாக இருக்கட்டும், மற்றது சிறிதாக, நீங்கள் பார்வையை நிறுத்த விரும்பும் இடத்தில் மட்டும்.

முப்பரிமாண வடிவங்கள், கனசதுரக் கேள்விகள் எனக்குப் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

கத்தரிக்கோலும் அட்டையும் எடுங்கள். இந்தப் பகுதியைப் புத்தகத்தில் மட்டும் பயின்றவர்கள் ஓரளவுக்கு மேல் முன்னேறுவதில்லை. கையால் மடித்துப் பார்த்தவர்களின் மனம் பிறகு தானாகவே மடிக்கத் தொடங்குகிறது.

ஒரு கனசதுரத்தைத் தட்டையாக விரித்தால் 11 வெவ்வேறு வடிவங்கள் கிடைக்கும். பதினொன்றையும் நீங்களே கண்டுபிடித்து வெட்டி மடியுங்கள். நேர்வரிசையில் உள்ள சதுரங்களில் ஒன்று விட்டு ஒன்று எதிரெதிர் முகங்களாக வரும் என்பது அப்போது கைக்குத் தெரிந்துவிடும். அடுத்து, வெளிப்பக்கம் முழுவதும் வண்ணம் பூசி 27 துண்டுகளாக வெட்டிய கனசதுரம். மூன்று பக்கம் வண்ணமுள்ளவை மூலையில் இருக்கும் 8, இரண்டு பக்கம் உள்ளவை விளிம்பில் 12, ஒரு பக்கம் உள்ளவை முக நடுவில் 6, வண்ணமே படாதது உள்ளே 1. இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல் "மூலை, விளிம்பு, முகம், உள்" என்று இடங்களாக நினைத்தால் 64 துண்டுக் கேள்விக்கும் 8, 24, 24, 8 என்று எளிதாக வரும்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் வட்டம், முன்னிருந்து பார்த்தால் சதுரம், பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம். அப்படி ஒரு திண்மம் இருக்க முடியுமா? முடியும். விட்டமும் உயரமும் சமமான ஓர் உருளையின் உச்சியில் ஒரு விட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் அடிவரை சாய்வாகச் சீவிவிட்டால் அதுதான். ஒரு சோப்புக் கட்டியில் செதுக்கிப் பாருங்கள். பிளான் (மேலிருந்து பார்க்கும் படம்), எலிவேஷன் (முன்னிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்க்கும் படம்) என்பவை ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் சாட்சியங்கள் என்பதும், ஒரு சாட்சியத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

கொடுத்த வடிவங்களை வைத்து ஒரு அமைப்பை உருவாக்கச் சொன்னால்?

எல்லாவற்றையும் சம இடைவெளியில் பரப்பாதீர்கள். ஒன்று பெரியதாக இருக்கட்டும், சில ஒன்றையொன்று மறைக்கட்டும், ஓரிடம் வெறுமையாக இருக்கட்டும். முதலில் தீப்பெட்டி அளவில் மூன்று சிறு படங்கள் போட்டு, நல்லதை எடுத்துப் பெரிதாக்குங்கள். முதலில் தோன்றியது பெரும்பாலும் எல்லோருக்கும் தோன்றுவதுதான்.

கணிதத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பள்ளிப் பாடத்தை ஒழுங்காகப் படிப்பவருக்குத் தனி நேரம் அதிகம் தேவையில்லை. ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல் மூன்றையும் கூர்மையாக வைத்திருங்கள். உங்கள் தேர்வின் பாடத்திட்டத்தில் கால்குலஸ் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

புகழ்பெற்ற கட்டடங்கள், கட்டடக்கலைஞர்கள் பற்றிய கேள்விகளுக்கு?

பெயர், ஆண்டு, ஊர் என்று பட்டியல் போட்டுப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒவ்வொரு கட்டடத்திடமும் "ஏன் இப்படி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சிட்னி ஓபரா ஹவுஸின் வளைந்த கூரைகளை எப்படிக் கட்டுவது என்பது நெடுங்காலம் பெரும் சிக்கலாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்ஸோன் 1957-இல் போட்டியில் வென்ற வடிவத்துக்கு, கூரைகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக ஆக்கியதில் விடை கிடைத்தது. கட்டடம் திறக்கப்பட்டது 1973-இல். பாரீஸின் பொம்பிடு மையம் 1977-இல் திறக்கப்பட்டது. குழாய்களும் நகரும் படிக்கட்டுகளும் வெளியே வந்ததால் உள்ளே தளங்கள் தடையின்றி விரிந்தன. வெளியே தெரியும் நிறங்களுக்கும் பொருள் உண்டு: காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மக்கள் நடமாட்டத்துக்குச் சிவப்பு. ரோமின் பாந்தியன் கோயிலுக்குள் 43 மீட்டர் விட்டமுள்ள ஒரு முழுக்கோளத்தை வைக்கலாம், ஏனென்றால் தரையிலிருந்து கூரையின் துளை வரை உள்ள உயரமும் அதே அளவு. புர்க்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ கிராமத்தில் பிரான்சிஸ் கேரே கட்டிய பள்ளியில் களிமண் செங்கல் சுவர்களுக்கு மேலே தகரக் கூரை தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. இடையே புகும் காற்று வெப்பத்தை வெளியேற்றுகிறது. அவர் 2022-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார்.

இப்படி இருபது கட்டடங்களை உங்களால் ஒரு சிறு படத்தோடு விளக்க முடிந்தால், இருநூறு பெயர்களை ஒப்பிப்பவரைவிட நீங்கள் நன்றாகத் தயாராகியிருக்கிறீர்கள்.

பயிற்சி வகுப்பு கட்டாயமா?

இல்லை. ஆனால் உங்கள் படத்தை வாரம் ஒருமுறை நேர்மையாகப் பார்த்துக் குறை சொல்லும் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் பள்ளி ஓவிய ஆசிரியராக இருக்கலாம், கட்டடக்கலை படிக்கும் மூத்த மாணவராக இருக்கலாம். வகுப்பில் சேர்வதானால் சேரும் முன் அங்குள்ள மாணவர்களின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே கையால் வரைந்தவைபோல இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

என்ன பென்சில், என்ன தாள்?

ஹெச்பி, 2பி, 4பி, 6பி போதும். தேர்வில் தரப்படும் அளவுள்ள தாளிலேயே பயிற்சி செய்யுங்கள். அளவுகோல் அனுமதி உண்டா என்று விதிகளில் பார்த்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் கையால் நேர்கோடு போடப் பழகுவது நல்லது: கோடு முடியும் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, மணிக்கட்டை அல்ல, தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்த வேண்டும்.

டேப்லெட்டில் வரைந்து பழகலாமா? புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா?

தாளில் எழுதும் தேர்வுக்குத் தாளில்தான் பழக வேண்டும். டேப்லெட்டில் தவறை நீக்குவது மிக எளிது, அது கண்ணைச் சோம்பேறியாக்கும். புகைப்படமும் அப்படித்தான். ஆழத்தைத் தட்டையாக்கும் கடினமான வேலையைக் கேமரா உங்களுக்காக முடித்துவிடுகிறது, நீங்கள் பயில வேண்டியதோ அந்த வேலையை.

தேர்வு அறையில் நேரம் போதவில்லை. எப்படிப் பங்கிடுவது?

அரை மணி நேரம் தரும் ஒரு படத்துக்கு, முதல் ஐந்து நிமிடம் சிறு மாதிரிப் படங்களுக்கும் கண்மட்டத்தை முடிவு செய்வதற்கும். அடுத்த பத்து நிமிடத்தில் பெரிய வடிவங்கள் அனைத்தும் தாளில் வந்துவிட வேண்டும். பிறகு ஒளியும் நிழலும், இறுதியில் மனிதர்களின் உடை, இலை, ஓடு போன்ற நுணுக்கங்கள். ஒரு மூலையை முழுமையாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகிறவருக்கே பெரும்பாலும் நேரம் போதாமல் போகிறது. எந்த நிமிடத்தில் தாளைப் பிடுங்கினாலும் படம் முழுமையாகத் தெரியும்படி எல்லா இடத்தையும் சேர்த்தே வளர்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வியை இரண்டு முறை படியுங்கள். "மூன்று கன உருளைகளைப் பயன்படுத்தி" என்று இருந்தால் நான்கு போடக் கூடாது. இதில் இழக்கும் மதிப்பெண்களுக்கும் வரையும் திறமைக்கும் தொடர்பே இல்லை.

நேர்காணலுக்கும் படைப்புத் தொகுப்புக்கும் எதைக் கொண்டுபோவது?

மெருகேற்றிய பத்துப் படங்களோடு, கிறுக்கல்கள் நிறைந்த குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். நேர்காணல் செய்பவர்கள் பெரும்பாலும் குறிப்பேட்டில்தான் அதிக நேரம் செலவிடுவார்கள், ஏனென்றால் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அதில் தெரியும். நீங்கள் தைத்த பை, பிரித்துப் போட்ட மிதிவண்டி, செய்து பார்த்த மரப்பெட்டி எல்லாமே தொகுப்பில் இடம்பெறத் தகுதியானவை. "ஏன் கட்டடக்கலை?" என்று கேட்டால், சிறுவயது முதலே ஆர்வம் என்ற பதிலைத் தவிர்த்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைச் சொல்லி அங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், ஏன் அங்கே உட்காருகிறார்கள் என்று விளக்குங்கள்.

முதல் முறை குறைந்த மதிப்பெண் வந்தால்?

அன்றைக்கே, நினைவு புதிதாக இருக்கும்போது, கேட்கப்பட்ட கேள்விகளையும் நீங்கள் வரைந்ததையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளுக்கு, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், மறுபடி வரையுங்கள். நிதானமாக வரைந்த படம் நன்றாக இருந்தால் குறை வேகத்தில்தான். அடுத்த முறைக்குக் கடிகாரத்தை வைத்துப் பழகினால் போதும். நிதானமாக வரைந்தும் அதே தவறுகள் இருந்தால், மேலே சொன்ன அளக்கும் பயிற்சிக்கும் இடைவெளிகளை வரையும் பயிற்சிக்கும் திரும்பிப் போங்கள்.